மாமா விட்டுட்டுப் போன கெசட்டுகள்: 1982ல பதிவாகி வெளிவராத தோட்டத்துப் பாட்டுகள இப்போ என்ன செய்யலாம்?

டிக்கோயா_மருமகன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுத்துக்கங்க.

எங்க தாய்மாமா இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துல இசைக்குழு நடத்தினவரு. பகல்ல தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்து வேலை, ராத்திரியில பாட்டு. எழுபதுகளோட கடைசியில இருந்து திருவிழா, கல்யாணம், மே தினக் கூட்டம்னு நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கமெல்லாம் போய் வாசிச்சிருக்காங்க. 1982ல சொந்தப் பாட்டுகளா சேர்த்து ஒரு கெசட் போடலாம்னு முடிவாச்சு. தோட்டத்துக் கோயில் மண்டபத்துல கொஞ்சம், எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) கொஞ்சம்னு பதிவு நடந்திருக்கு. காசு போட வந்தவரு நுவரெலியாவுல கடை வச்சிருந்தவரு. 83 ஜூலையில தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துல அந்தக் கடை எரிஞ்சுபோச்சு. அவரு குடும்பத்தோட இந்தியாவுக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் கெசட் பேச்சையே யாரும் எடுக்கல.

மாமா தவறி ஒரு வருஷமாச்சு. லயத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) கூரைத் தகரம் மாத்தணும்னு சாமான இறக்கினப்போ அடுப்புக்கு மேல இருந்த பரண்ல ஒரு பெரிய பிஸ்கட் டின் கிடைச்சுது. உள்ள கெசட்டுகள், அதுல 60 நிமிஷத்ததும் இருக்கு, 90 நிமிஷத்ததும் இருக்கு. கூடு இல்லாம சக்கரத்துல சுத்தின நாடா, சின்ன ஸ்பூல் ரெண்டு. பாட்டெல்லாம் எழுதி வச்ச ஒரு சீ.ஆர். கொப்பி (தடிச்ச நோட்டு). ஒவ்வொரு கெசட் அட்டையிலயும் மாமா பேரு, அதுக்குக் கீழ "மற்றும் குழுவினர்". அவ்வளவுதான்.

எனக்குத் தெரிய வேண்டியது: இத எப்படி கம்ப்யூட்டருக்கு ஏத்துறது? சுத்தம் பண்ணி வெளியிடலாமா? வெளியிட யார்கிட்ட கேக்கணும்?

பதுளை_பீட்ஸ்

மச்சான் இது தங்கம்! ஒரு டேப் ரெக்கோடர்ல போட்டு போன்ல ரெக்கோட் பண்ணி அனுப்புங்க. இப்போ இருக்கிற ஏஐ சொஃப்ட்வேர்ல குரல மட்டும் தனியா உருவி எடுத்துடலாம். ஜோன் லெனன் வீட்டுல பியானோவோட பாடி வச்சிருந்த கெசட்ல இருந்து குரலப் பிரிச்சு 2023ல பீட்டில்ஸ் புதுப் பாட்டே விட்டாங்க. 90கள்ல அதே கெசட்ட எடுத்து முயற்சி பண்ணி, பியானோ சத்தமும் இரைச்சலும் குரல மூடுதுன்னு விட்டுட்டாங்க. இப்போ நடந்துச்சே! நான் பீட் (மிஷின் தாளம்) போட்டுத் தர்றேன், காசு வேணாம்.

ரேடியோக்கடை_கண்டி

டிக்கோயா தம்பி, ஒண்ணு மட்டும் உடனே சொல்றேன். எந்த கெசட்டையும் இப்போ போட்டுப் பார்க்காதீங்க. ஆசையா இருக்கும், தெரியும். ஆனா பழுதான நாடாவுக்கு முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாப் போயிடலாம். முன்னுக்கும் பின்னுக்கும் வேகமா சுத்திப் பார்க்கிறதும் வேணாம்.

முதல்ல கண்ணால பாருங்க. கெசட்டோட கீழ்ப்பக்கம், நாடா வெளியில தெரியுற இடத்துல, நடு சன்னல்ல ஒரு சின்னக் கம்பளித்துண்டு செப்பு நிறப் பட்டையில ஒட்டியிருக்கும். அரிசி அளவுதான். நாடாவ ஹெட்டோட (பெட்டியில நாடாவ வாசிக்கிற பாகத்தோட) சேர்த்து அமுக்கிப் பிடிக்கிறது அதுதான். நாப்பது வருஷத்துல பசை காஞ்சு அது விழுந்திருக்கும். அது இல்லாம ஓட்டினா சத்தம் மங்கலா, போயிட்டுப் போயிட்டு வரும். நாடா கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டவங்கள எனக்குத் தெரியும். நாடா நல்லாத்தான் இருந்திருக்கும். வேற நல்ல கெசட்டோட கூட்டுக்குள்ள நாடாவ மாத்திப் போட்டா வேலை முடிஞ்சுது. நாலு மூலையிலயும் ஸ்க்ரூ இருக்கிற கூடா பார்த்து வாங்குங்க. ஒட்டி மூடின கூடுன்னா கத்தி வச்சுப் பிளக்கணும், அத நீங்க செய்யாதீங்க.

ரெண்டாவது பூஞ்சை. கூட்டோட சன்னல் வழியா டோர்ச் அடிச்சுப் பாருங்க. சுத்தின நாடாவோட விளிம்புல வெள்ளையா மாவு தூவினாப்புல இருந்தா அது பூஞ்சை. ஹட்டன் பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற ஈரத்துக்கு அது வராம இருந்தாத்தான் ஆச்சரியம். ஆனா அடுப்புக்கு மேல இருந்ததா சொல்றீங்க. புகை படிஞ்சிருக்கும், ஆனா காய்ஞ்சிருக்கும். உங்க மாமா தெரிஞ்சே வச்சாரோ என்னமோ.

மூணாவது, பின்பக்கத்துல இருக்கிற ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் பல்லையும் உடைச்சு விடுங்க. தவறி ரெக்கோட் பட்டன் அமுங்கினாலும் அழியாது.

பதுளைத் தம்பி, போன்ல எல்லாம் வேணாம். கோபிக்காதீங்க.

டிக்கோயா_மருமகன்

ஐயா ரொம்ப நன்றி. நல்லவேளை இன்னும் எதையும் போடல. டோர்ச் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டு கெசட்ல நீங்க சொன்ன வெள்ளை இருக்கு. ஒண்ணுல அந்தக் கம்பளித்துண்டு கழண்டு கூட்டுக்குள்ளயே கிடக்கு. மத்தது பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு, புகை மட்டும் பழுப்பா ஏறியிருக்கு.

ஸ்பூல் ரெண்டும் எப்படிப் பார்க்கிறது? ஒண்ணுல மூக்கு வச்சா புளிச்ச வாடை வருது.

ரேடியோக்கடை_கண்டி

அப்போ அது அசிட்டேட்ங்கிற பழைய வகைப் பிளாஸ்டிக் நாடா. நிச்சயப்படுத்த, ஸ்பூல வெளிச்சத்துக்கு நேரா பக்கவாட்டுல பிடிங்க. சுத்தியிருக்கிற நாடாவுக்கு ஊடால வெளிச்சம் தெரிஞ்சா அசிட்டேட், தெரியாம இருண்டு கிடந்தா பொலியஸ்டர். அசிட்டேட் பழசானா வினிகர் வாடை வரும், சுருங்கும், வளையும், மொடமொடன்னு முறியும். அத மத்ததோட ஒரே டின்ல வைக்காதீங்க. வாடை பரவினா மத்ததும் சீக்கிரம் கெடும். ஆனா ஒரு நல்லது, முறிஞ்சா சுத்தமா முறியும், பொலியஸ்டர் மாதிரி இழுபட்டு நீளாது. ஒட்டிக்கலாம்.

மத்த ஸ்பூல் பொலியஸ்டர்னா வேற தொல்லை இருக்கலாம். 70, 80கள்ல வந்த சில கம்பெனி நாடாவுல காந்தப்பொடிய ஒட்டுற பசை ஈரத்தக் குடிச்சுப் பிசுபிசுப்பாயிடும். ஓட்டினா கிறீச்னு கத்தும், ஹெட்ல பழுப்பா மண்டி ஒட்டும். அந்த மண்டிதான் பாட்டு. உடனே நிறுத்தணும். அதுக்கு வைத்தியம், 50, 55 பாகை சூட்டுல மணிக்கணக்கா வச்சு ஈரத்த எடுக்கிறது. எடுத்த பிறகு கொஞ்ச நாளைக்கு ஓடும், அதுக்குள்ள பிரதி எடுத்துடணும். அசிட்டேட்ட மட்டும் சூட்டுல வைக்கவே கூடாது.

சும்மா_ஒருத்தன்

எங்க ஊர் பேக்கரியில போறணை இருக்கு, பாண் எடுத்த பிறகு இளஞ்சூடாத்தான் இருக்கும், கொண்டு வாங்க 😂

சீரியஸா கேக்குறேன். நாப்பது வருஷமா யாரும் கேக்காத பாட்டு. அப்பவே விலைபோகல. இப்போ இத யாரு கேக்கப்போறா? தோட்டத்துப் பிள்ளைகளே டிக்டொக்ல தமிழ்நாட்டுப் பாட்டுக்குத்தான் ஆடுது. இந்தச் செலவுக்கு ரெண்டு பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் குடுக்கலாம்.

ரேடியோக்கடை_கண்டி

போறணை சூடு 200க்கு மேல போகும், இறங்கும்போதும் ஒரே சீரா இறங்காது. சிரிப்புக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க, யாராவது செஞ்சிடுவாங்க.

இராகலை_டீச்சர்

"அப்பவே விலைபோகல" என்று சொல்பவருக்கு: விலைக்கு வைக்கவே இல்லையே, எப்படிப் போகும்? கடை எரிந்ததால் நின்ற வேலை அது. கேட்பார் இல்லாமல் நின்றதல்ல.

நான் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். மலையகப் பாட்டு என்று வரும்போது எங்களிடம் இருப்பது பெரும்பாலும் காகிதம்தான். 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டங்களில் பாடிய அவர் மனைவி மீனாட்சியம்மையின் வரிகள் அச்சில் உண்டு. எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டங்களில் கேட்டுச் சேர்த்த நாட்டார் பாடல்களும் புத்தகமாக உண்டு. வகுப்பில் அந்த வரிகளை வாசித்துக் காட்டினால், "இத எப்படி டீச்சர் பாடுவாங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எந்த இடத்தில் இழுப்பார்கள், எங்கே மூச்செடுப்பார்கள், தப்பு மேளம் எந்த இடத்தில் விழும், கும்மி எந்த வேகம்? காகிதத்தில் அது கிடையாது. தாலாட்டு என்று நான் பாடிக் காட்டுவது என் அம்மா பாடியது. பசறையில் வேறு மாதிரிப் பாடியிருப்பார்கள்.

ஆகவே மருமகன் தம்பி, உங்கள் பெட்டியில் இருப்பது நல்ல பாட்டா, கெட்ட பாட்டா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். 1982ல் ஒரு தோட்டத்து ஆண்களும் பெண்களும் எப்படிச் சேர்ந்து பாடினார்கள் என்பது அதில் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். "மற்றும் குழுவினர்" யார்? கொப்பியில் பெயர்கள் இருக்கின்றனவா?

டிக்கோயா_மருமகன்

டீச்சர், கொப்பியில வாத்தியம் வாசிச்ச ஆம்பளைங்க பேரு முன்பக்கத்துல இருக்கு. ஆர்மோனியம், டோலக், தப்பு, புல்லாங்குழல்னு. பாடின பொம்பளைங்க பேரு எங்கயும் இல்ல. சில பாட்டுக்கு மேல "பெண் குரல்"னு மட்டும் எழுதியிருக்கு. மாமிகிட்ட கேட்டேன். நாலஞ்சு பேருன்னு சொல்றாங்க, ரெண்டு பேர் ஞாபகம் இருக்கு, மத்தவங்க இந்தியாவுக்குப் போயிட்டாங்களாம்.

வடமராட்சியான்

நான் சட்ட அலுவலகம் ஒண்டில வேலை செய்யிறன். உரிமை பற்றிக் கேட்டபடியால் சொல்லுறன்.

இலங்கையில இதுக்குரிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பாட்டு எழுதினவருக்கும் மெட்டமைச்சவருக்கும் அவை இறந்து 70 வருசம் வரை பதிப்புரிமை. பாடினாக்கள், வாசிச்சாக்களுக்குத் தனியான உரிமை இருக்கு, அது பாடி வாசிச்ச ஆண்டு முடிஞ்சு 50 வருசம். 1982 எண்டால் 2032 முடியும்வரை. நீங்கள் கேக்காமல் வெளியிட ஏலாது.

இன்னொண்டு, கோவிக்காதேங்கோ. மருமகன் எண்டதால உங்களுக்கு உரிமை வராது. மாமாவின்ர உரிமை மாமிக்கும் பிள்ளையளுக்கும்தான். டின் உங்கட கையில இருக்கிறது வேற, உரிமை வேற. மாமியிட்ட எழுத்தில வாங்குங்கோ. பிறகு காசு கீசு வந்தால் சொந்தத்துக்குள்ள சண்டை வரும், எத்தினை பேரைப் பாத்திட்டன்.

ஆர்மோனியம்_பசறை

பிள்ளைகளே, நானும் அந்தக் காலத்துக் குழுக்காரன்தான். வயசு எழுபத்தஞ்சுக்கு மேல. பேரன் எழுதித் தர்றான்.

வடமராட்சித் தம்பி சொன்னதோட இதையும் பாருங்க. எங்க குழுக்கள்ல "சொந்தப் பாட்டு"ன்னா வரி சொந்தம், மெட்டு பல நேரம் சினிமா மெட்டு. அப்போ அது ஒரு குத்தமாத் தெரியல. சம்பளப் போராட்டத்துப் பாட்டுன்னா, ஜனங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச மெட்டுல பாடினாத்தான் கூடப் பாடுவாங்க. இப்போ யூடியூப்ல போட்டா மெட்டுக்காரன் கம்பெனி பிடிச்சுக்கும். எது மாமா மெட்டு, எது சினிமா மெட்டுன்னு பிரிச்சு வச்சுக்கங்க.

அப்புறம் வேகம். எங்ககிட்ட இருந்தது நஷனல் கம்பெனி ரெக்கோடர். லயத்துல அப்போ கரண்ட் இல்ல, பேட்டரிதான். பேட்டரி இறங்க இறங்க மோட்டர் மெதுவா சுத்தும். மெதுவா பதிஞ்ச நாடாவ இப்போ சரியான வேகத்துல ஓட்டினா பாட்டு ஓடும், குரல் கீச்சுன்னு இருக்கும். "அந்தக் காலத்துப் பொம்பளைங்க குரல் எவ்வளவு சன்னம்"னு யாராவது எழுதுவாங்க. அது குரல் இல்ல, பேட்டரி.

சரி பண்ண வழி இருக்கு. ஆர்மோனியத்தக் கேளுங்க. ஒரு கட்டை, ரெண்டு கட்டை, ரெண்டரைன்னு அதுல கட்டை, அதாவது சுருதி, நிலையானது. ரெண்டுக்கும் ரெண்டரைக்கும் நடுவுல சுருதி விழுந்தா ஆர்மோனியம் பொய் சொல்லல, நாடாதான் பொய் சொல்லுது. அந்தப் பெட்டி இன்னும் வீட்டுல இருக்கா? இருந்தா அதையே வாசிச்சு ஒத்துப் பாருங்க.

ரேடியோக்கடை_கண்டி

பசறை ஐயா சொன்னது முத்து. கோயில் மண்டபத்துல கரண்ட்ல பதிஞ்சதுன்னா இன்னொரு அளவுகோலும் இருக்கு. நம்ம நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சல் "ம்ம்"னு நாடாவுல பதிஞ்சிருக்கும். கம்ப்யூட்டர்ல பார்த்து அது 53ல நின்னா, கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறி ஓடுதுன்னு அர்த்தம். அத 50க்கு இறக்கினா பாட்டு தன் இடத்துக்கு வந்துடும். இரைச்சல முதல்லயே துடைச்சுட்டா இந்த அளவுகோலும் போச்சு. அதுக்குத்தான் சொல்றேன், முதல் பிரதியில கை வைக்கக் கூடாதுன்னு.

முதல் பிரதி 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணித்தியாலத்துக்கு ரெண்டு ஜீபி வரும், வரட்டும். இரைச்சல் குறைக்கிற டொல்பி பட்டன அணைச்சு வைங்க, நஷனல் மாதிரிச் சின்னப் பெட்டியில டொல்பி இருந்திருக்காது. ஒவ்வொரு கெசட்டுக்கும் ஹெட் பக்கத்துல இருக்கிற சின்ன ஸ்க்ரூவ மெல்லத் திருப்பி, கூர்மையான சத்தம் நல்லாத் திறக்கிற இடத்துல நிறுத்தணும். பதிஞ்ச பெட்டியோட ஹெட் எந்தச் சாய்வுல இருந்துச்சோ அதே சாய்வுக்கு நம்ம ஹெட் வரணும். பாதிப் பேர் இதச் செய்யாம "பழைய கெசட், அப்படித்தான் மங்கலா இருக்கும்"னு முடிச்சுடுறாங்க.

தம்பி, கண்டிக்கு வர்றதுன்னா கொண்டு வாங்க. நான் எடுத்துத் தர்றேன். நீங்களும் பக்கத்துல உக்காருங்க. நாடாவ யார்கிட்டயும் விட்டுட்டுப் போகாதீங்க, என்கிட்டயும்தான்.

இராகலை_டீச்சர்

அந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். எங்கள் உறவினர் ஒருவர் பாட்டியின் ஒப்பாரிப் பதிவை ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். சீடி ஒன்று கிடைத்தது. மூல நாடா எங்கே என்று கேட்டால் "பழசுதானே, வீசிட்டோம்" என்றார்கள். சீடியில் இரைச்சல் இல்லை. பாட்டியின் பெருமூச்சும் இல்லை. ஒப்பாரியில் பெருமூச்சு இல்லாவிட்டால் மிச்சம் என்ன?

டிக்கோயா_மருமகன்

எல்லாருக்கும் நிலவரம் சொல்றேன். கண்டி ஐயா வீட்டுல உக்காந்து கெசட் எல்லாத்தையும் ஏத்தியாச்சு. பூஞ்சை பிடிச்ச ரெண்டையும் கூடு மாத்தி, துடைச்சு, கடைசியா எடுத்தோம். புளிச்ச ஸ்பூல் மூணு இடத்துல முறிஞ்சுது, ஒட்டிட்டோம். பொலியஸ்டர் ஸ்பூல் கத்துச்சு. உடனே நிறுத்தி வச்சிருக்கு, அதுக்குச் சூடு குடுக்கணும்.

மண்டபத்துல எடுத்ததுல இரைச்சல் 53க்குக் கிட்டத்தான் நின்னுச்சு! இறக்கினதும் மாமா குரல் மாமா குரலா வந்துச்சு. அதுக்கு முந்தி யாரோ சின்னப் பையன் மாதிரி இருந்துச்சு. மாமி "இவருதான்"னு சொன்னது இறக்கின பிறகுதான்.

லயத்துல எடுத்த கெசட்ல ஒரு பாட்டு நாலு தடவ இருக்கு. முதல்ல யாரோ சிரிச்சுக் கெடுத்துட்டாங்க. ரெண்டாவதுல தகரத்துல மழை பிடிச்சுக்கிச்சு. மூணாவதுல டோலக் முந்திப் போயிடுது. அதுக்கப்புறம் ஒரு அம்மா, "சீக்கிரம் முடிங்க, விடிஞ்சா பெரட்டுக்குப் போகணும், எனக்குப் பேர் விழாது"ன்னு சத்தம் போடுறாங்க. பெரட்டுன்னா காலையில வேலைக்கு ஆளெடுக்கிற இடம், பேர் விழலன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. மாமா ஒரு பொம்பளையப் பேர் சொல்லி, மைக்க விட்டுத் தள்ளி நிக்கச் சொல்றாரு. நாலாவதுலதான் பாட்டு முழுசா வருது. அந்தப் பேர் இப்போ என்கிட்ட இருக்கு. அவங்களக் கேக்காம இங்க போடல.

பதுளை_பீட்ஸ்

அண்ணே கேக்கவே புல்லரிக்குது. நீங்க எனக்கு அனுப்பின அந்த ஒரு துண்ட சொஃப்ட்வேர்ல போட்டேன். உண்மையச் சொல்றேன், தப்பு வர்ற இடத்துல தடுமாறுது. குரல் தனியா, டிரம்ஸ் தனியான்னு பிரிக்கிறதுக்கு அது மேல்நாட்டு டிரம்ஸ வச்சுப் பழகினது போல. தப்போட "தங்" பாதி குரல் பக்கம் போயிடுது. கும்மித் தட்ட இரைச்சல்னு நினைச்சு அறுத்துடுது. ஆனா டோலக் மட்டும் இருக்கிற பாட்டுல குரல் நல்லாவே பிரியுது. அதுக்கு மட்டும் பீட் போடலாமா?

ஆர்மோனியம்_பசறை

எதுக்குப் போடணும்? டோலக் இருக்கே. அவன் அடிச்சத அறுத்துட்டு நீ மிஷின் வைக்கிறதுக்கா அந்த மனுஷன் ராத்திரி முழிச்சு அடிச்சான்?

பதுளை_பீட்ஸ்

ஐயா, நான் அழிக்கச் சொல்லல. என் வயசுப் பிள்ளைங்க மூல கெசட்ட முழுசா உக்காந்து கேக்கமாட்டாங்க. ரெண்டு நிமிஷம் பீட்டோட கேட்டா, "இது யாரு பாட்டு?"ன்னு தேடுவாங்க. நீங்களும் அப்போ சினிமா மெட்ட எடுத்து உங்க வரியப் போட்டீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.

ஆர்மோனியம்_பசறை

வாய் நல்லா இருக்கு உனக்கு. சரி, அதுல ஞாயம் இருக்கு.

இராகலை_டீச்சர்

இரண்டும் நடக்கட்டும், ஆனால் வரிசை முக்கியம். மூலம் முதலில் வெளிவர வேண்டும், பாடியவர்கள் வாசித்தவர்கள் பெயரோடு. பீட் அதற்குப் பிறகு, அனுமதியோடு. தலைகீழாக நடந்தால் தேடுகிறவருக்கு பீட் போட்டவர் பெயர்தான் கிடைக்கும். "மற்றும் குழுவினர்" இன்னொரு நாற்பது வருஷத்துக்குக் குழுவினராகவே இருப்பார்கள்.

கோத்தகிரிப்_பனி

வணக்கம்ங்க. நான் நீலகிரியில இருந்து எழுதுறேன். எங்க அப்பா அம்மா 1984 ஆரம்பத்துல தலைமன்னார்ல இராமானுஜம் கப்பல் ஏறி வந்தவங்க. அந்த வருஷமே கப்பல் நின்னுபோச்சு. தோட்டத் தமிழர்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்ப 1964ல போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியப் பாஸ்போர்ட் எடுத்த குடும்பம். இராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாம், அப்புறம் இங்க தேயிலைத் தோட்டம். அங்கயும் கொழுந்து, இங்கயும் கொழுந்து.

டிக்கோயா அண்ணா, அம்மாவோட அக்கா உங்க பக்கத்துத் தோட்டத்துல பாட்டுக் குழுவுல பாடினதா சின்ன வயசுல இருந்து சொல்லுவாங்க. வீட்டுல யாரும் நம்பினதில்ல. பெரியம்மா எங்ககூடத்தான் இருக்காங்க. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நல்லா இருக்கு. நீங்க சொன்ன அந்தப் பேரைத் தனி மடல்ல சொல்ல முடியுமா?

டிக்கோயா_மருமகன்

அனுப்பியிருக்கேன். பாட்டுத் துண்டும் வச்சிருக்கேன்.

கோத்தகிரிப்_பனி

அண்ணா, அவங்கதான். ஹெட்செட் போட்டு விட்டோம். முதல் வரி வந்ததும் ரெண்டாவது வரிய அவங்களே பாடிட்டாங்க. கூட யார் யார் நின்னாங்கன்னு வரிசையா சொல்றாங்க, எழுதிட்டு வர்றேன். அந்த "பேர் விழாது"ன்னு கத்தின அம்மா யாருன்னும் தெரியுமாம்.

ஆனா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. ஒரு கெசட்ல ஒப்பாரி இருக்கும், அத வெளியில விடக்கூடாதாம். கூடப் பாடின ஒருத்தர் வீட்டுச் சாவுல நெசமா அழுதத உங்க மாமா ஓரமா நின்னு பதிஞ்சுட்டாராம். பாட்டுக்குன்னு பாடினது இல்லையாம். அப்பவே அவங்களுக்கும் மாமாவுக்கும் அதுல சண்டையாம்.

சும்மா_ஒருத்தன்

அதுதானே உள்ளதுலயே பெறுமதியான பதிவு? ஆராய்ச்சிக்காரங்க அதுக்குத்தான் அலையிறாங்க. முகம் தெரியாத குரல்தானே, போட்டா என்ன?

இராகலை_டீச்சர்

நான்தான் பெருமூச்சுக்காக அங்கலாய்த்தவள். எனக்கே அதைக் கேட்க ஆசை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல உரிமை உள்ளவர் வேண்டாம் என்கிறார். அதற்கு மேல் பேச்சில்லை. கேள்வி கேட்காமல் பதிந்த குரல் அது. நாற்பது வருஷம் கழித்து இரண்டாவது தடவையும் கேட்காமல் எடுப்பதா? முகம் தெரியாது என்று உங்களுக்குத்தான். அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வடமராட்சியான்

வெளியிடாமல் பாதுகாக்க வழி இருக்கு. ஆவணக் காப்பகத்தில குடுக்கேக்க "இந்தக் கோப்பு பொதுப் பார்வைக்கு இல்லை" எண்டு எழுத்தில நிபந்தனை போடலாம். நூலகம் நிறுவனம் 2005இல இருந்து இணையத்தில தமிழ் ஆவணங்களைச் சேர்க்குது, ஒலி, ஒளிப்படம் எல்லாம் எடுக்கினம். கேட்டுப் பாருங்கோ. ஒரு பிரதி அங்க, ஒண்டு மாமி வீட்டில, ஒண்டு கண்டியில. மூண்டு இடம் எண்டால் ஒரு வெள்ளம், ஒரு மண்சரிவு வந்தாலும் தப்பும்.

டிக்கோயா_மருமகன்

மாமி, மாமா பிள்ளைங்க, கோத்தகிரிப் பெரியம்மா எல்லார்கிட்டயும் பேசிட்டேன். இப்படிச் செய்றோம்.

ஒப்பாரிக் கெசட் மூடியாச்சு. அந்தக் குடும்பத்தத் தேடிப் பிடிச்சு ஒரு பிரதிய அவங்க கையில குடுக்கிறோம். வச்சுக்கிறதோ அழிக்கிறதோ அவங்க இஷ்டம். எங்ககிட்ட இருக்கிறத என்ன செய்யணும்னும் அவங்களே சொல்லட்டும்.

சினிமா மெட்டுப் பாட்டுகள் ஆவணத்துக்குப் போகும், யூடியூப்புக்குப் போகாது. மாமாவே மெட்டுப் போட்டதுன்னு மாமியும் பெரியம்மாவும் ஒத்துக்கிட்ட பாட்டுகள் வெளிவரும். வேகம் மட்டும் சரி பண்ணி, இரைச்சல கொஞ்சமா குறைச்சு. சிரிச்சுக் கெட்டுப்போன முதல் தடவையும் சேர்த்து வரும், அது பெரியம்மா கேட்டது. சிரிச்சது அவங்கதானாம். பேர்களும் வரும், அட்டையில, "மற்றும் குழுவினர்" இல்லாம. ரெண்டு பேரத் தவிர மத்த எல்லாரும், இல்லன்னா அவங்க பிள்ளைங்களாவது, சரின்னு சொல்லியாச்சு. அந்த ரெண்டு பேர் பொகவந்தலாவைப் பக்கம் இருந்து போனவங்க. யாருக்காவது தெரிஞ்சா தனி மடல் போடுங்க, பேர் சொல்றேன்.

பதுளைத் தம்பிக்கு ஒரு பாட்டு, மாமி சம்மதத்தோட. மூலம் வந்த பிறகு.

ரேடியோக்கடை_கண்டி

பொலியஸ்டர் ஸ்பூலுக்குச் சூட்டுப்பெட்டி தயார். வெப்பமானி வச்சுப் பார்த்துட்டேன், 52ல நிக்குது. மே மழைக்கு முந்தி கொண்டு வாங்க தம்பி. வரும்போது பஸ்ல ஸ்பீக்கருக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

பதுளை_பீட்ஸ்

நன்றி அண்ணே, மாமிக்கும் சொல்லுங்க. பசறை ஐயா, ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பாட்டுக்கு நான் மிஷின் டிரம்ஸ் வைக்கல. டோலக் அப்படியே இருக்கட்டும். கூட ஆர்மோனியம் மட்டும் புதுசா வேணும், அதே கட்டையில. உங்க பெட்டி இன்னும் வாசிக்குதா?

ஆர்மோனியம்_பசறை

வாசிக்குது. ரெண்டாங்கட்டை ரீட் மட்டும் கொஞ்சம் இழுக்கும். ஞாயித்துக்கிழமை வா. மைக் உன்னோடது, சாப்பாடு எங்க வீட்டுல.